எந்த ஆண்டுக்கு மீட்பது? ஒரு மைசூர் ஜாவாவை முன்வைத்து

சற்றே நீண்ட பதிவு. தொழில்நுட்ப வரலாறு, பொருள்சார் பண்பாடு ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

மைசூருவில் என் அண்டை வீட்டு நண்பர் ஒருவர் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே பிரித்துச் சீராக்கி வருகிறார். கடந்த ஏழு மாதங்களாக ஞாயிறுதோறும் நானும் உடனிருக்கிறேன். 1966இல் பதிவான வண்டி அது. பின்சக்கரத்தின் இருபுறமும், சட்டகத்தோடு வெல்டிங் வைத்து ஒட்டிய இரும்பு ஆங்கிள் தாங்கிகள் இருந்தன. நண்பரின் தந்தை பால் வியாபாரி. பக்கத்துக்கு ஒன்றாகப் பால் கேன்களைத் தொங்கவிடுவதற்காக 1980களின் இறுதியில் அவர் வைத்துக்கொண்டவை அவை. வண்டியை ஆலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்பதென்றால் அவற்றை அறுத்தெடுத்தாக வேண்டும். நண்பர் அறுக்கவே விரும்பினார். "சில வாரம் பொறுங்கள்" என்றேன். அந்தச் சில வாரங்களில் எங்களுக்குள் நடந்த விவாதமே இப்பதிவு.

முதலில் வண்டியின் பிறப்பு. ஆயுத உற்பத்தியாளரான ஃபிரான்டிசெக் யானெசெக், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து மோட்டார் சைக்கிள் தயாரிப்பு உரிமையைப் பெற்று, 1929இல் பிராகில் தொடங்கியது ஜாவா நிறுவனம். இரு பெயர்களின் முதலெழுத்துகள் இணைந்து அப்பெயர் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, நாஜி ஆக்கிரமிப்பின் கீழ், அதன் பொறியாளர்கள் மறைவாக வடிவமைத்த வண்டி போருக்குப் பின் 'பெராக்' என்ற பெயரில் வெளிவந்தது. நிறுவனம் அரசுடைமையான பிறகு, 1954இல், பின்புறம் ஸ்விங் ஆர்ம் அமைப்புடன் 250 சிசி வகை ஒன்று வந்தது. மைசூரில் உற்பத்தியானது இவ்வகையே.

இந்தியாவில் இது ஏன் உற்பத்தியாக வேண்டியிருந்தது என்பதற்கான விடை அக்காலப் பொருளாதாரக் கொள்கையில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் உற்பத்தியை உரிமமுறைக்குள் கொண்டுவந்தது. உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாமல் உதிரிகளை இறக்கிப் பொருத்தி மட்டும் விற்ற மோட்டார் நிறுவனங்கள் 1953க்குப் பின் வெளியேற நேர்ந்தது. 1957ஐ ஒட்டி வந்த அந்நியச் செலாவணி நெருக்கடி இறக்குமதியை மேலும் இறுக்கியது. அதுவரை பம்பாயில் ஜாவாவை இறக்குமதி செய்து விற்றுவந்த இரானி குடும்பத்தினருக்கு இங்கேயே ஆலை அமைப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை. ருஸ்தம் இரானி, ஃபரூக் இரானி ஆகியோரின் முயற்சியில் உருவான ஐடியல் ஜாவா நிறுவனத்தின் ஆலை மைசூரு யாதவகிரியில் 1961இல் திறக்கப்பட்டது. முன்னாள் மன்னரும் அப்போதைய மாநில ஆளுநருமான ஜெயசாமராஜ உடையார் அதைத் திறந்துவைத்தார். சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் தொடங்கிப் பத்ராவதி இரும்பாலை வரை, சமஸ்தானக் காலத்திலேயே தொழில்மயத்தை அரசின் கடமையாகக் கருதிய மரபு அம்மாநிலத்துக்கு உண்டு.

இதே வரலாற்றின் வேறு இரு கிளைகளையும் நினைவில் கொள்ளலாம். பிரிட்டனின் ரெடிச் நகரைச் சேர்ந்த என்ஃபீல்ட், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து சென்னையில் புல்லட்டைத் தயாரிக்கத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம், போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியின் அடிப்படையில் ராஜ்தூத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டன், செக்கோஸ்லோவாக்கியா, போலந்து என அணிசேராக் கொள்கையின் இருபுறத்து நட்புகளும் இந்தியச் சாலைகளில் ஓடின. மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பிறந்த நாட்டில் வழக்கொழிந்த வடிவங்கள் இங்கே பல்லாண்டுகள் வாழ்ந்தன. பிரிட்டனில் தாய் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் மறைந்த பின்னும் புல்லட் இங்கே வந்துகொண்டிருந்தது. 1960களின் தொடக்கத்திலேயே செக்கோஸ்லோவாக்கியாவில் அடுத்த வடிவத்துக்கு இடம்விட்ட ஜாவா, மைசூரில் அதன்பின் பல ஆண்டுகள் உருவானது. 1973இல் 'யஸ்தி' என்று பெயர் மாறியது. ஜரதுஷ்டிர சமயத்தாரின் ஈரானிய நகரமான யஸ்தை நினைவூட்டும் அப்பெயர், செக் மொழியில் வாகனத்தில் செல்வதைக் குறிக்கும் வினைச்சொல்லின் ஒலியையும் கொண்டது. மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியதும் அதே ஆண்டில்தான்.

இதுவரை சொன்னது ஆலையின் வரலாறு. நூல்களிலும் இதழ்களிலும் கிடைப்பது பெரும்பாலும் இதுவே. யார் கண்டுபிடித்தார், யார் ஒப்பந்தமிட்டார், யார் நாடாவை வெட்டினார் என்பவற்றோடு கதை முடிந்துவிடும். டேவிட் எட்கர்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்ற நூலில், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பின் பக்கத்திலிருந்து பயன்பாட்டின் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும் என்று வாதிட்டார். தையல் எந்திரம், மிதிவண்டி, தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றைக் கொண்டு இந்தியாவின் அன்றாடத் தொழில்நுட்பத்தை டேவிட் ஆர்னால்ட் 2013இல் ஆராய்ந்தார். இருவரையும் வகுப்பில் படிப்பது எளிது. ஆனால் பயன்பாட்டின் வரலாற்றுக்குச் சான்று எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குத் திண்ணையில்தான் எனக்கு ஓரளவு விடை கிடைத்தது.

எங்கள் வண்டிக்கு எழுத்துச் சான்று ஒன்றே ஒன்று, ஆர்.சி. புத்தகம். அதன்படி முதல் உரிமையாளர் ஒரு மருத்துவர். அடுத்தவர் அரசு ஊழியர். 1987இல் மூன்றாவதாக நண்பரின் தந்தை. இருபத்தோரு ஆண்டுகளுக்கு மூன்று பெயர்கள், அவ்வளவே. எஞ்சியதை இரும்பு சொல்லியது.

டேங்கின் வெளிப்பூச்சு தூரிகையால் தீட்டிய கறுப்பு எனாமல். அதைச் சுரண்டியபோது உள்ளே நீலம், அதற்கும் கீழே ஆலையின் மெரூன். கருவிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் மட்டும் அந்த மெரூன் வெயில் படாமல் அப்படியே இருந்தது. சிலிண்டரின் உள்விட்டம் ஆலையளவில் 65 மி.மீ. எங்கள் வண்டியில் இருந்த பிஸ்டன் 0.75 மி.மீ. கூடுதல் அளவினது. இரு ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவார்கள், வழக்கமாக 0.25 மி.மீ. படிகளில் இது நடக்கும். அப்படியானால் இந்த எஞ்சின் மூன்று முறை கடைசலுக்குப் போய்வந்திருக்கலாம். பின் சஸ்பென்ஷனின் சுருள்வில்கள் ஆலையில் வந்தவற்றைவிடத் தடிமனானவை. பால் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இருபுறமும் கேன்கள் நிறைந்தால் பின்சக்கரத்தின் மேல் இன்னோர் ஆள் ஏறியது போன்ற சுமை. ஃபுட்ரெஸ்ட் ரப்பர் இடப்புறம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. வீட்டுக்கு வீடு நிறுத்தி, காலூன்றி இறங்கி ஏறியவரின் தேய்மானம் அது என்று நண்பர் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் எனக்கு அது வெறும் பழைய ரப்பர்.

ஜாவாவின் தனிச்சிறப்பு ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். கிக்கரும் கியர் நெம்புகோலும் ஒன்றே. காலால் உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர். எஞ்சின் உயிர்பெற்றதும் கீழே இறக்கினால் கியர். கியர் மாற்றும்போது அந்த நெம்புகோலே கிளட்சையும் விடுவிக்கும். அந்த நெம்புகோலின் தண்டு உடைந்து, உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்து போட்ட ஒரு புஷ் அதில் இருந்தது. ஆலையின் வரைபடத்தில் இல்லாத பாகம். ஆனால் வண்டியை ஓட வைத்தது அதுவே. உரிமமுறைக் காலத்தில் உதிரி கிடைக்காமை என்று நாம் பொருளாதார வரலாற்றில் ஒரே வரியில் எழுதிவிடுவதன் பருவடிவம் அந்தப் பித்தளைத் துண்டு.

மூன்றாவது கைமாற்றத்தின் ஆண்டும் பொருளுள்ளது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகிய இந்திய-ஜப்பானிய வண்டிகள் சந்தைக்கு வந்தன. எடை குறைந்தவை, பெட்ரோலைச் சிக்கனமாகக் குடிப்பவை. நகரத்து நடுத்தர வர்க்கம் அவற்றுக்கு மாறியபோது பழைய ஜாவாக்களின் விலை சரிந்தது. அதுவரை அவற்றை எட்டாத உயரத்தில் வைத்துப் பார்த்தவர்கள் வாங்க முடிந்தது அப்போதுதான். ஆகவே ஒரு தொழில்நுட்பம் 'காலாவதியானது' என்று நாம் எழுதும் ஆண்டே வேறொரு வர்க்கத்துக்கு அது வந்துசேர்ந்த ஆண்டாக இருக்கலாம். ஆலை 1996இல் மூடப்பட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள் இந்த வண்டி விடியற்காலையில் பால் சுமந்தது.

இப்போது தாங்கிகளுக்கு வருவோம். வண்டியை 1966க்கு மீட்பதென்றால் மருத்துவரின் வண்டி திரும்பக் கிடைக்கும். பால்காரரின் வண்டி மறையும். ஒவ்வொரு மீட்பும் ஓர் உரிமையாளரைத் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலும் முதல் உரிமையாளரையே தேர்ந்தெடுக்கிறது என்பதால் அது தேர்வென்றே நமக்குத் தோன்றுவதில்லை.

கட்டடப் பாதுகாப்புத் துறையில் இது பழைய விவாதம். மீட்டமைத்தல் என்ற பெயரில் நடப்பது அழிப்பே என்று ஜான் ரஸ்கின் 1849இல் எழுதினார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக்கோ, மீட்டமைத்தல் என்பது எக்காலத்திலும் இருந்திராத ஒரு முழுமை நிலைக்குக் கூடக் கட்டடத்தைக் கொண்டுசெல்லலாம் என்ற நிலையை எடுத்தார். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலங்களும் அளித்த பங்களிப்புகளை மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குத் திருப்புவது நோக்கமாகாது என்றது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம் அதே சிந்தனையை வாகனங்களுக்கு விரித்தது. தமிழ் வாசகர்களுக்கு இதை நீளமாக விளக்கத் தேவையில்லை. திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு செய்து கல்வெட்டெழுத்துகளைத் தேய்த்த கோயில் சுவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சுவர் பளிச்சென்று ஆகும், செய்தி போய்விடும். துருவகற்ற உதிரிகளை மணல்வீச்சுக்கு அனுப்பும் இன்றைய வழக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அச்சுவர்களே நினைவுக்கு வருகின்றன.

சட்டமும் சந்தையும் ஆலை நிலையின் பக்கமே சாய்கின்றன. 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மோட்டார் வாகன விதித் திருத்தம், முதற்பதிவாகி 50 ஆண்டுகளுக்கு மேலான இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாக வரையறுக்கிறது. சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாமல் மூலநிலையில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடிக் காலம் 10 ஆண்டு, பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் செல்லலாம்; அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ கூடாது. இத்தகைய விதி வந்ததே வரவேற்கத்தக்கது. ஆயினும் அதன் வரலாற்றுப் பார்வையைக் கவனிக்க வேண்டும். பால் சுமந்து பிழைத்த வண்டி, அப்படிப் பிழைத்த அடையாளத்தை இழந்த பின்னரே மரபுச் சின்னமாவது எளிதாகிறது.

மறுபக்க வாதமும் வலுவானது. வண்டி என்பது ஓட வேண்டியது. பிரேக் லைனிங், டயர், மின்கம்பி, கிராங்க் ஆயில் சீல் ஆகியவற்றில் பழமையைப் போற்றுவது உயிரோடு விளையாடுவது. அக்காலப் பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசியை ஊதித் தட்டுவதே ஆபத்து, ஈரத்துணியால்தான் துடைத்தோம். மேலும், மீட்பு எத்தனை நுட்பமானாலும் 1966 திரும்ப வராது. லிட்டருக்குச் சுமார் 40 மி.லி. எண்ணெய் கலந்து ஓட வடிவமைக்கப்பட்ட எஞ்சினுக்கு இன்று கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர்களைக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் குழாயையும் அடைப்பான்களையும் புதிய வகைக்கு மாற்றினோம். ஒரு பொருளை மட்டும் பின்னோக்கி நகர்த்தலாம், அதைச் சூழ்ந்திருந்த உலகத்தை நகர்த்த முடியாது.

'வீட்டிலேயே மீட்டது' என்ற சொல்லும் பாதி உண்மையே. நட்டு போல்ட்டுகளைக் கழற்றியதும், டேங்குக்குள் துருவகற்றியதும், மண்ணெண்ணெயில் உதிரிகளைக் கழுவியதும் வீட்டில்தான். சிலிண்டர் லேத் பட்டறைக்குப் போனது. ஸ்போக்குகளைக் கோத்து ரிம்மை நேராக்க ஒரு முதியவரிடம் போனோம். அளவுகோல் இன்றி, சுழலும் ரிம்மின் அருகே சுட்டுவிரலை நிறுத்தியே கோணலைக் கண்டார். குரோம் பூச்சு போடும் பட்டறையில், புற்றுநோய் விளைவிக்கும் குரோமியக் கரைசலின் ஆவியில், முகக்கவசமின்றி இளைஞர்கள் நின்றனர். கண்காட்சியில் வண்டியின் அருகே உரிமையாளர் பெயர் மட்டுமே இருக்கும். மீட்பின் வரலாற்றிலும் உழைப்பை அழித்துவிட்டுத்தான் மினுமினுப்பு வருகிறது.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரிடம் அடுக்கினேன். தாங்கிகளை விட்டுவைக்க வேண்டும், அவைதாம் வண்டியின் மிக அரிய பகுதி என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கன்னடத்தில் சொன்னதன் சாரம் இது: "அப்பா இளைஞராக இருந்தபோது அந்த டாக்டர் இந்த வண்டியில் போவதைத் தெருவோரம் நின்று பார்த்தவர். வாங்கும்போது அதன் நிறமே போய்விட்டிருந்தது. புதியதாக இதைத் தம்முடையதாக அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது எண்பதை நெருங்குகிறார். ஒருமுறை பார்க்கட்டும்."

எனக்கு மறுமொழி இல்லை. வியோலே-லெ-டுக்கின் கருத்தை வகுப்பில் நான் கேலியாகவே சொல்லி வந்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் எக்காலத்திலும் இருந்திராத ஒரு நிலைக்குத்தான் நண்பர் வண்டியை மீட்க விரும்பினார். அதில் ஒரு நியாயம் இருந்தது. சான்று அழியக்கூடாது என்பது வரலாற்றாளனின் அக்கறை. தாம் பட்ட பாட்டின் தழும்பைப் பிறர் ஆய்வுக்காகச் சுமந்துகொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் குடும்பத்துக்கும் இல்லை. உழைப்பின் தடத்தைப் போற்றுவது பெரும்பாலும் அந்த உழைப்பைச் செய்யாதவர்களுக்கு எளிது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தாங்கிகளை அறுத்தோம். அறுப்பதற்கு முன் நான்கு கோணங்களில் படமெடுத்து, நீள அகலங்களை அளந்து, வெல்டிங் இருந்த இடங்களைச் சட்டகத்தின் வரைபடத்தில் குறித்தோம். பால் கேன் எப்படி மாட்டப்பட்டது, எந்தத் தெருக்களுக்கு, எத்தனை மணிக்குப் புறப்பாடு என்பதை நண்பரின் தந்தையே சொல்லக் கேட்டுப் பதிவு செய்தோம். அறுத்த தாங்கிகளும், 0.75 பிஸ்டனும், பித்தளைப் புஷ்ஷும், தேய்ந்த ரப்பரும், மூன்று நிறமும் தெரியுமாறு சுரண்டிய தகரத் துண்டும் பெயர்ச்சீட்டுடன் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. சட்டகத்தில் வெல்டிங் தழும்புகளை மட்டும் அரத்தால் ராவாமல், அவற்றின் மேலேயே வண்ணம் பூசுவதற்கு நண்பர் இசைந்தார். கைவைத்துத் தடவினால் தெரியும்.

ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு தோறும் ஜாவா, யஸ்தி ஆர்வலர்கள் கூடி அணிவகுப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். நாடெங்கும் திண்ணைகளிலும் கார் நிறுத்துமிடங்களிலும் இத்தகைய மீட்புகள் நடந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஆவணக்காப்பகம் பிரிக்கப்பட்டு, பாதி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. ஆய்வு மாணவர்களிடம் என் வேண்டுகோள் எளியது. உங்கள் ஊரில் யாரேனும் பழைய வண்டியைப் பிரிக்கிறார்கள் என்றால் ஒரு குறிப்பேட்டுடன் போங்கள். எதையும் அறுக்க வேண்டாம் என்று தடுக்கும் உரிமை நமக்கில்லை. அறுப்பதற்கு முன் அளந்துகொள்ள அனுமதி கேட்கலாம். அந்த வண்டியால் பிழைத்தவர் உயிருடன் இருந்தால், சிலிண்டரை அளப்பதற்கு முன் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பிஸ்டன் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும்.